பாலத்தில் அதிர்வு அளந்தபோது: தெர்மாமீட்டருக்காக அடம்பிடித்த கதை

பாலம் சேதமடைந்தால் அதன் விறைப்பு குறையும்; விறைப்பு குறைந்தால் அதிர்வெண் இறங்கும். ஏட்டில் அவ்வளவுதான். அந்த நம்பிக்கையோடுதான் ஒரு பழைய கான்கிரீட் பாலத்தில் அதிர்வு அளக்கும் குழுவில் சேர்ந்தேன்.

அளப்பது பெரிய பாடாக இல்லை. போக்குவரத்தை நிறுத்த வேண்டாம். வண்டிகளும் காற்றும் தரும் ஆட்டமே போதும். அதிர்வை அளக்கும் கருவியான ஆக்சிலரோமீட்டர் ஒன்றை நிலையாக வைத்துவிட்டு மற்றவற்றை இடம் மாற்றி மாற்றி அளந்தோம். நிலையானதைப் பாலக் கண்ணின் (இரு தாங்கல்களுக்கு இடைப்பட்ட பகுதியின்) நடுவில் வைக்கவில்லை; பாலம் இரண்டாவது வடிவில், அதாவது S போல வளைந்து, ஆடும்போது நடுப்புள்ளி அசையாது, அங்கே எதுவும் பதிவாகாது.

தொல்லை அப்புறம்தான். காலையில் கிடைத்த அதிர்வெண் மதியம் இல்லை. வெயில் ஏற ஏற இறங்கியது. இது எதிர்பார்த்ததுதான். சுவிட்சர்லாந்தின் இசட்24 பாலத்தை 1998இல் இடிக்கும் முன் வேண்டுமென்றே படிப்படியாகச் சேதப்படுத்திச் சோதித்தார்கள். அதற்கு முந்தைய மாதங்களின் கண்காணிப்பில், குளிர் 0 டிகிரிக்குக் கீழே போனதும் அதிர்வெண் மடமடவென ஏறியிருந்தது. தார்ப்பரப்பு விறைத்துக்கொண்டதுதான் காரணம். அமெரிக்காவின் அல்புகர்க்கியில் ஐ-40 பாலத்தின் எஃகு கர்டரை (பாலத்தின் தளத்தைத் தாங்கும் உத்தரத்தை) 1993இல் நான்கு கட்டமாக வெட்டினார்கள். கடைசி வெட்டு வரை அதிர்வெண் பெரிதாக இறங்கவில்லை. சேதத்தைவிட வெப்பம் அதிகம் பேசும். அதனால்தான் கர்டரின் மேலும் கீழும் தெர்மாமீட்டர் பொருத்த வேண்டும் என்று முதலிலேயே அடம்பிடித்தேன்.

பருவங்கள் ஒரு சுற்று வரும்வரை காத்திருந்தோம். செலவு செய்தவர்களுக்கு இது பிடிக்கவே இல்லை. வெப்பத்தால் வரும் மாற்றத்தைக் கணக்கிட்டுக் கழித்த பிறகு, மிச்சத்தில் ஒரு நகர்வு தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், அது ஏற்றம்! "அப்போ பாலம் வலுவாகிவிட்டதா?" என்று ஒருவர் கேட்டார்.

அதிர்வு வடிவங்களை ஒப்பிட்டால், ஒரு முனை மட்டும் முன்போல் சுழலவில்லை. பேரிங் (பாலத்தின் முனை நகரவும் சுழலவும் விடும் தாங்கி) இறுகியிருக்கும் என்று சந்தேகப்பட்டு ஆளை இறக்கிப் பார்க்கச் சொன்னோம். உருளைப் பேரிங்கில் துருவும் மண்ணும் அடைந்து கெட்டிப்பட்டிருந்தது. முனை சுழல முடியாமல் விறைத்ததால்தான் அதிர்வெண் ஏறியிருந்தது; பாலம் வலுவாகவில்லை. வெயிலில் பாலம் நீள வழியில்லாமல், அந்த விசையெல்லாம் தூணின் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே மெல்லிய விரிசலும் இருந்தது.

பேரிங்கை மாற்றினார்கள். சரி, வேலை முடிந்தது என்றால் இல்லை. பழைய அடிப்படை அளவு இனி செல்லாது. வெப்பக் கணக்கை மறுபடி முதலிலிருந்து எடுக்கிறோம்.