ஏழாம் மாதத்தில் வரும் பிள்ளைகள்

மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் ஓர் அரசாங்க கிளினிக்கில், தாய்சேய் நலப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். கர்ப்பமானால் 12 வாரத்துக்குள் பதிவுக்கு வந்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறோம். 16, 17 வயதுப் பிள்ளைகள்தான் பெரிய சட்டையில் வயிற்றை மறைத்துக்கொண்டு ஐந்தாம் மாதமோ ஏழாம் மாதமோ வருகிறார்கள். கூட வரும் அம்மா முதலில் கேட்பது, "மிஸ்ஸி, வெளியே யாருக்கும் தெரியாதுதானே?"

மறைக்கிற அந்த மாதங்களில்தான் ஆபத்து கூடுகிறது. அந்த வயதில் அவள் உடம்பே இன்னும் வளர்ந்து முடியவில்லை. இரும்புச்சத்தும் கால்சியமும் அவளுக்கும் வேண்டும், குழந்தைக்கும் வேண்டும். வயிறு தெரியக்கூடாதென்று சாப்பாட்டையும் குறைத்துவிடுகிறாள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே, அதாவது ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் தே தாரேக்கோடு விழுங்குகிறாள். தேநீர் இரும்புச்சத்தைச் சேரவிடாது. "ஆரஞ்சு ஜூஸோட போடும்மா" என்று வரும்போதெல்லாம் சொல்கிறேன்.

ரத்தசோகையைவிட எனக்குப் பயம் ரத்த அழுத்தம். 20 வாரத்துக்குப் பிறகு 140/90ஐத் தொட்டு, சிறுநீரிலும் புரதம் வந்தால் உடனே டாக்டர் பார்க்க வேண்டும். தலைவலி, கண் மங்கல் வரலாம். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. விட்டால் வலிப்பில் கொண்டுபோய்விடும். 20 முதல் 24 வயதுத் தாய்மாரைவிட 10 முதல் 19 வயதினருக்கு இந்த வலிப்பும், பிரசவத்துக்குப் பின் கருப்பையில் கிருமித்தொற்றும் வரும் ஆபத்து அதிகம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குழந்தை 37 வாரத்துக்கு முன்பே பிறப்பதும், எடை 2.5 கிலோவுக்குக் குறைவதும் அப்படித்தான். அழுத்தம் பார்க்க ஒரு நிமிடம் போதும், ஆனால் அவள் வந்தால்தானே பார்க்க முடியும்.

16 வயதுக்குக் கீழ் என்றால், அவள் சம்மதித்திருந்தாலும் அவளோடு உறவு கொள்வது மலேசியச் சட்டப்படி பாலியல் வல்லுறவு. போலீஸ் பயத்திலேயே சில வீடுகள் பிள்ளையைப் பூட்டி வைக்கின்றன. அப்புறம், வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் வாய். "இந்த வயசுல இது தேவையா?" என்று ஒருவர் சொன்னால் போதும், அடுத்த தேதிக்கு அவள் வரமாட்டாள். அதனால் இப்படிப்பட்ட பிள்ளையை உள்ளறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்கிறேன்.

பிரசவத்துக்குப் பின் வீடு தேடிப் போகும்போது அடுத்த கர்ப்பத்துக்கு 2 வருடமாவது இடைவெளி வேண்டும் என்பதையும் கருத்தடை முறைகளையும் பேசுவேன். ஒரு பிள்ளை அதையெல்லாம் கேட்டுவிட்டு, எஸ்பிஎம் (பள்ளி முடிக்கும்போது எழுதும் அரசுத் தேர்வு) எழுத முடியுமா மிஸ்ஸி என்றாள். தனியார் பரீட்சார்த்தியாகவும் எழுதலாம் என்று சொல்லி, அவள் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து அதைப் பற்றியே பேசினோம்.