மொசைக் தரைக்காரரும் போச்சி ஆடுகளமும்

1933 ஜூன் 29 அன்று நியூயார்க்கில் ஜாக் ஷார்கியை வீழ்த்தி உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டம் வென்றவர் ப்ரிமோ கார்னெரா. அவர் பிறந்த செக்வால்ஸ், இத்தாலியின் வடகிழக்கில் ஃப்ரியூலி பகுதியிலுள்ள சின்ன ஊர். அவருக்கு வெகுகாலம் முன்பே அந்த ஊரின் பெயரை வெளியே கொண்டுபோனவர்கள் தரை போடும் தொழிலாளிகள். மெதூனா, தாலியமெந்தோ ஆறுகள் அடித்துக்கொண்டு வந்து கொட்டிய கூழாங்கல் பூமி அது. விளைச்சல் குறைவு. அந்தக் கல்லையே நிறம் பார்த்துப் பிரித்து, உடைத்து, வெனிஸ் மாளிகைகளுக்குத் தரை போடப் போனார்கள். பிறகு கடல் தாண்டினார்கள். பக்கத்திலுள்ள ஸ்பிலிம்பெர்கோவில் 1922ல் தொடங்கிய மொசைக் பள்ளி இன்றும் நடக்கிறது.

ஆஸ்திரேலியாவுக்கு முன்னோடியாகப் போனவர்களில் பியெத்ரோ மெலோக்கோ முக்கியமானவர். 1908ல் சிட்னி வந்து, பின்னால் தம்பிகளையும் சேர்த்துக்கொண்டார். செயின்ட் மேரீஸ் கதீட்ரலின் நிலவறைத் தரையும், மிட்செல் நூலக முன்கூடத்தில் கடலோடி தாஸ்மானின் வரைபடத்தைக் காட்டும் தரையும் அவர்கள் செய்தவை. சிட்னி போகிறவர்கள் இந்த இரண்டையும் குனிந்து பார்க்காமல் வரக்கூடாது. பெருங்கூட்டம் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1951ல் இரு நாடுகளும் குடியேற்ற ஒப்பந்தம் போட்டன. ஆஸ்திரேலியாவில் 1947ல் சுமார் 33 ஆயிரமாக இருந்த இத்தாலியில் பிறந்தோர் தொகை, 1971ல் ஏறக்குறைய 2 லட்சத்து 89 ஆயிரமானது.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் மொசைக் தரை என்கிறோமே, அதுதான் இவர்களுடைய டெராசோ. நல்ல தரை அடியிலிருந்து தொடங்கும். கான்கிரீட் மேல் மெல்லிசாக மணல், அதன்மேல் ஒரு தாள், கம்பி வலை, பிறகு 1:4 சிமெண்ட் மணல் கலவை இரண்டு அங்குலம். மணலும் தாளும் எதற்கென்றால், கீழே கான்கிரீட் அசைந்தாலும் அந்த அசைவு மேலே ஏறக்கூடாது. இந்தப் படுகை ஈரமாக இருக்கும்போதே பித்தளைப் பட்டிகளைக் கட்டம் கட்டமாக, நான்கடிக்கு ஒன்றாக ஊன்றவேண்டும். கான்கிரீட்டில் எங்கே இணைப்பு இருக்கிறதோ, அதற்கு நேர் மேலே பட்டி இருந்தே ஆகவேண்டும். அதை விட்டவர் தரையில் ஒரு வருடத்துக்குள் முடி போலக் கீறல் ஓடும்.

மேல்பூச்சு அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. எடைக்கணக்கில் ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு இரண்டு பங்கு மார்பிள் சிப்ஸ். தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பரப்பியதும் மேலே இன்னும் கொஞ்சம் சிப்ஸ் தூவி, கனமான ரோலரை இழுத்தால் அதிகப்படி தண்ணீரும் சிமெண்ட் பாலும் மேலே வரும். அதை வழித்து எடுத்து, பட்டியின் முதுகு தெரிகிறவரை கரணையால் இழுக்கவேண்டும். முடிந்த தரையில் நூற்றுக்கு எழுபது பங்காவது கல் தெரியவேண்டும். சிமெண்ட் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் ரோலர் ஓட்டியவர் அவசரப்பட்டிருக்கிறார்.

ஒரு வாரம் ஈரத்தில் வைத்துவிட்டுத்தான் அரைப்பு. முந்தினால் சிப்ஸ் பிடுங்கிக்கொண்டு வரும். ரொம்பப் பிந்தினால் அரைக்கும் கல் தேயுமே தவிர தரை இறங்காது. முதலில் கரடான 24 நம்பர் அரைப்புக்கல், அடுத்து அதைவிட நைசான 80. அப்போது ஊசித்துளைகள் வெளியே வரும். அதே நிறச் சிமெண்ட்டைக் குழைத்துத் தேய்த்து அடைத்து, மூன்று நாள் விட்டு, 120க்கு மேல் போய் மெருகேற்றவேண்டும். மின்சார எந்திரம் வருமுன், நீளக் கைப்பிடியில் கல்லைக் கட்டிய ‘கலேரா’வை நின்றபடி முன்னும் பின்னும் தள்ளியே அரைத்தார்கள். மூலையும் படிக்கட்டும் மட்டும் மண்டியிட்டுக் கையால். இந்தத் தொழிலில் முதலில் போவது முழங்கால்.

வாரம் முழுக்க இப்படி உழைத்தவர்கள் சனி, ஞாயிறுகளில் இத்தாலியர் கிளப்களின் கட்டட வேலையில் நின்றார்கள். அடிலெய்டில் 1946ல் யுவென்டஸ், சிட்னியில் 1954ல் ஆப்பியா, 1958ல் மார்க்கோனி. கால்பந்துக்குப் புகழ் உண்டு. மார்க்கோனி நான்கு முறை தேசிய லீக் வென்றது. பின்னாளில் இத்தாலிக்கு ஆடிய கிறிஸ்டியன் வியெரி சிறுவயதில் பழகியதும் அங்கேதான். அடிலெய்ட் யுவென்டஸ் 1977ல் அடிலெய்ட் சிட்டி ஆனது. ஆனால் தரைக்காரரின் கை எங்கே தெரியும் என்று கேட்டால், பந்து உருட்டும் இத்தாலிய ஆட்டமான போச்சியின் ஆடுகளத்தைத்தான் காட்டவேண்டும்.

சிறிய இலக்குப் பந்துக்கு அருகே யார் பந்து நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. அவ்வளவுதான் ஆட்டம். போச்சியின் ஒரு வகையான ரஃபா முறையில் களம் 26.5 மீட்டர் நீளம், நாலு முதல் நாலரை மீட்டர் அகலம். பந்து 107 மி.மீ., 920 கிராம். மெதுவாக உருட்டிவிட்ட பந்து கடைசி ஒரு மீட்டரில் எந்தப் பள்ளத்தையும் கண்டுபிடித்துவிடும். ஆகவே களத்துக்கு வாட்டமே கொடுக்கமுடியாது. மழைத்தண்ணீர் பக்கவாட்டில் ஓடாது, கீழேதான் இறங்கவேண்டும். அதனால்தான் அடியில் நாலங்குலம் பெருஜல்லி, வடிகுழாய், அதன்மேல் இரண்டங்குலம் பொடிஜல்லி, உச்சியில் ஓர் அங்குலத்துக்கு மேற்படாமல் மாவுபோன்ற கல்பொடி. ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக நனைத்து உருளை ஓட்டவேண்டும். மொத்தமாகக் கொட்டி ஒரே தடவை அழுத்தினால் மேலே மட்டும் இறுகும், முதல் மழைக்காலத்தில் நடுவே உட்காரும்.

பக்கப் பலகைகளின் மட்டத்தை ரசமட்டத்தில் பார்த்து, அவற்றின் மேல் நீள மட்டப்பலகையை வைத்து இழுத்துச் சமன் செய்வது, பித்தளைப் பட்டி மேல் வைத்து இழுக்கும் அதே வேலை. கிளப்புக்கு இந்தக் கையை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை.

கல்பொடிக் களத்தில் மழை நின்றவுடன் இறங்கி ஆடினால் பந்து ஓடிய தடம் அப்படியே இறுகிவிடும். கால் பதியாத அளவுக்கு உலரவிட்டு, நீளவாக்கில் பிரஷ் இழுத்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டிய பிறகே பந்தைத் தொடவேண்டும். இப்போது பல கிளப்களில் கூரை போட்டுச் செயற்கைத் தளம் ஒட்டிவிட்டார்கள். பராமரிப்பு குறைவு, உண்மைதான். ஆனால் அடியிலுள்ள கான்கிரீட் மட்டம் தவறினால், பொடியைத் தூவிச் சரிசெய்ய வழியில்லை. தளத்தை உரித்து, மேட்டை அரைத்து, பள்ளத்தை நிரப்பி மறுபடி ஒட்டவேண்டும். அதற்கும் தரைக்காரர்தான் வரவேண்டும்.