சொல் வேறானால் பக்கமும் வேறாக வேண்டுமா?

எங்கள் ஊரிலுள்ள மரச்செக்கு எண்ணெய்க் கடை ஒன்றின் இணையதளத்தைச் சில ஆண்டுகளாக நான் பராமரித்து வருகிறேன். தொடக்கத்தில் 'நல்லெண்ணெய்', 'எள் எண்ணெய்', 'செக்கு நல்லெண்ணெய்', 'மரச்செக்கு நல்லெண்ணெய்' எனச் சொல் மாறும்போதெல்லாம் தனித்தனிப் பக்கம் எழுதினேன். பக்கங்கள் பெருகினால் வருகையாளர்களும் பெருகுவார்கள் என்று உறுதியாக நம்பினேன்.

எந்தத் தேடலுக்கு நம் தளத்தின் எந்தப் பக்கம் தோன்றியது என்று சொல்லும் கருவியான கூகுள் சர்ச் கன்சோல் 16 மாதத் தரவு வரை காட்டும். அதன் செயல்திறன் அறிக்கையில் 'மரச்செக்கு நல்லெண்ணெய்' என்ற தேடலை மட்டும் வடிகட்டி, 'பக்கங்கள்' பிரிவைத் திறந்தபோது எங்களுடைய நான்கு முகவரிகளும் அங்கே வரிசையாக நின்றன. ஒரு வாரம் ஒன்று மேலே, மறுவாரம் மற்றொன்று; விலையும் புட்டி அளவும் உள்ள விற்பனைப் பக்கமோ எப்போதும் அடியில். வாங்க வந்தவர்கள் செக்கு ஆட்டும் முறையைப் படித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

ஒரே சொல்லுக்கு இரண்டு பக்கங்கள் தோன்றுவது மட்டுமே பிழையாகாது. 'நல்லெண்ணெய் விலை' என்று தேடுபவரும் 'எண்ணெய்க் குளியல் எப்படி' என்று தேடுபவரும் வெவ்வேறு தேவையோடு வருபவர்கள். அவர்களுக்கு இரண்டு பக்கங்கள் வேண்டும். ஆனால் 'எள் எண்ணெய்' என்பவரும் 'நல்லெண்ணெய்' என்பவரும் கேட்பது ஒரே பொருளைத்தான். ஐயம் இருந்தால் இரண்டு சொற்களையும் கூகுளில் தேடிப் பாருங்கள்: முதல் பக்க முடிவுகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தால், நமக்கும் ஒரு பக்கமே போதும். மேலும், 2019 ஜூன் மாதத்திலிருந்து ஒரே தளத்தின் இரண்டு பக்கங்களுக்கு மேல் முன்னணி முடிவுகளில் கூகுள் பொதுவாகக் காட்டுவதில்லை.

நான்கு பக்கங்களிலும் இருந்த நல்ல பகுதிகளை விற்பனைப் பக்கத்தில் சேர்த்து, மற்ற மூன்று முகவரிகளையும் 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதிய முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு) மூலம் அங்கே திருப்பினேன். தளத்துக்குள் இருந்த பழைய இணைப்புகளையும் ஒவ்வொன்றாக மாற்றினேன். அரை லிட்டர், ஒரு லிட்டர் புட்டிகளுக்கான பக்கங்கள் கடைக்குத் தேவைப்பட்டதால் அவற்றை நீக்காமல், விற்பனைப் பக்கமே முதன்மையானது என்று தேடுபொறிக்குச் சொல்லும் கேனானிகல் குறியை அவற்றில் இட்டேன். 2009 முதல் வழக்கிலுள்ள அந்தக் குறியைக் கூகுள் ஒரு பரிந்துரையாகவே எடுத்துக்கொள்கிறது, கட்டளையாக அன்று. ஆகவே நிரந்தரமாக நீக்கும் பக்கங்களுக்கு 301 தான் சரி.

இப்போது எதையும் எழுதுமுன் ஓர் எக்செல் தாளைத் திறக்கிறேன். பக்கத்தின் முகவரி, அதற்குரிய முதன்மைத் தேடல், வருபவரின் தேவை, எங்கிருந்து இணைப்பு தரவேண்டும் என நான்கு பத்திகள் அதில் உள்ளன. தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குத் தனிப்பக்கம் வேண்டுமென்று அண்மையில் கடைக்காரர் கேட்டபோது, எண்ணெய்க் குளியல் என்ற வரி அத்தாளில் ஏற்கெனவே இருப்பதைக் காட்டினேன். அந்தப் பக்கத்திலேயே தீபாவளிக்கென ஒரு பகுதியைச் சேர்த்தோம். முகவரியில் ஆண்டு இல்லாததால் அடுத்த ஆண்டும் அதையே புதுப்பித்துக்கொள்ளலாம்.