கொக்கியில் தொங்கும்போது அது யார் பொறுப்பு?

கன்டெய்னர் வேலை பார்த்துப் பழகிய ஃபார்வர்டிங் கம்பெனி, அதாவது மற்றவர் சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் கம்பெனி, கன்டெய்னரில் அடங்காத ராட்சதச் சரக்கான பிராஜெக்ட் கார்கோ பக்கம் வரும்போது முதலில் எடையைப் பார்த்துத்தான் மிரளும். நாங்களும் அப்படித்தான் மிரண்டோம். ஆனால் 200 டன்னைத் தூக்க கிரேன் இருக்கிறது, இழுக்க டிரெய்லர் இருக்கிறது. வாடகை கொடுத்தால் இரண்டும் வந்து நிற்கும். கம்பெனி நடத்துகிறவனுக்குத் தூக்கம் கெடுவது சரக்கு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் அந்தச் சில நிமிடங்களை நினைத்துத்தான். அந்த நேரத்தில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று முன்பே எழுதி வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் நிற்கும் ஃபார்வர்டர் தலையில்தான் விடியும்.

ஒரு பவர் டிரான்ஸ்பார்மரைத் தொழிற்சாலையிலிருந்து கடல் தாண்டி, துணை மின்நிலைய அடித்தளம் வரை கொண்டுபோய் உட்காரவைத்த வேலையை வைத்தே சொல்கிறேன். எண்ணெய், புஷ்ஷிங், ரேடியேட்டர், கன்சர்வேட்டர் எல்லாவற்றையும் கழற்றித் தனியே அனுப்பிய பிறகும் ஏறத்தாழ 200 டன். எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் உலர்ந்த காற்றை அடைத்து, உள்ளே ஈரம் புகாதபடி வெளிக்காற்றைவிடச் சற்று கூடுதலான அழுத்தத்தில் வைத்திருப்பார்கள். அந்த அழுத்த மானியின் முள் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு கைமாற்றத்திலும் போட்டோ எடுத்துக்கொள்வோம். செலவே இல்லாத காப்பீடு அதுதான்.

விலை கேட்டு வந்த மெயிலில் இரண்டே வரி: எங்கிருந்து, எங்கே. நாங்கள் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, வாங்குபவரும் விற்பவரும் எந்த இன்கோடெர்ம்ஸில் (செலவும் பொறுப்பும் எங்கே கைமாறும் என்று சொல்லும் சர்வதேச வணிக விதிகள்) ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள் என்பது. எக்ஸ் வொர்க்ஸ் என்றால் தொழிற்சாலைக்குள்ளேயே டிரெய்லரில் ஏற்றும் பொறுப்பு வாங்குபவருடையது. எஃப்சிஏ, அதுவும் விற்பவர் வளாகத்தில் ஒப்படைப்பு என்றால், ஏற்றித் தருவது விற்பவர் வேலை. சின்னப் பெட்டிக்கு இந்த வித்தியாசம் ஒரு ஃபோர்க்லிப்ட் சமாச்சாரம். 200 டன்னுக்கு அது ஒரு தனி கான்ட்ராக்ட். விற்பவர் கப்பலில் ஏற்றித் தரும் எஃப்ஓபியிலும் பழைய கதை ஒன்று உண்டு. இன்கோடெர்ம்ஸின் 2000 பதிப்பு வரை சரக்கு கப்பலின் பக்கவாட்டுக் கம்பியைத் தாண்டியதும் பொறுப்பு மாறிவிடும். 2010 பதிப்பிலிருந்துதான் கப்பலில் ஏறி அமர்ந்த பிறகு என்று ஆனது. கம்பியைத் தாண்டி, ஆனால் தளத்தைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கும் டிரான்ஸ்பார்மரைப் பார்த்தவர்களுக்கு ஏன் மாற்றினார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது டிரான்ஸ்போர்ட் டிராயிங். நீளம், அகலம், உயரம், எடை, ஈர்ப்பு மையம், தூக்கும் புள்ளிகள், ஜாக் வைக்கும் புள்ளிகள், கட்டும் புள்ளிகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். எத்தனையாவது திருத்தம் என்பதும் இருக்க வேண்டும். அதைத்தான் பலர் பார்ப்பதில்லை. எங்களுக்கு வந்த டிராயிங்கை வைத்து ரூட் சர்வே, அதாவது போகும் வழியின் ஆய்வு, முடித்து, வழியில் உள்ள ஒரு நடைமேம்பாலத்துக்கு அடியில் நெருக்கமாக, ஆனால் போதுமான இடைவெளி இருக்கிறது என்று குறித்திருந்தோம். அனுப்புவதற்கு முன் எங்கள் ஆள் தொழிற்சாலைக்குப் போய் லேசர் மீட்டரால் அளந்தபோது மூடியின்மேல் ஒரு வால்வு, டிராயிங்கில் இல்லாதது, ஒரு சாணுக்கும் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. "அது சின்ன வால்வுதானே, அதை உயரக் கணக்கில் சேர்க்க மாட்டோம்" என்றார் அங்கிருந்த மேற்பார்வையாளர். சரி, கழற்றுங்கள் என்றால், கழற்றினால் உள்ளே அடைத்த காற்று போய்விடும், திரும்ப நிரப்பிச் சோதிக்க வேண்டும், கப்பல் தேதி தவறும். மேம்பாலத்துக்கு அந்த நியாயமெல்லாம் தெரியுமா?

கைகொடுத்தது டிரெய்லர்தான். பல ஆக்சில் வரிசைகளைக் கோத்து நீட்டும் ஹைட்ராலிக் மாடுலர் டிரெய்லரின் சஸ்பென்ஷனை ஏற்றி இறக்க முடியும். ஓடும் உயரத்திலிருந்து சில நூறு மில்லிமீட்டர் தாழ்த்தலாம். மேம்பாலத்துக்கு முன்னால் நிறுத்தி, தாழ்த்தி, ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து கடந்து, அப்புறம் பழைய உயரத்துக்கு ஏற்றிக்கொண்டோம். ஆனால் சாலையை அந்த இரவு கூடுதல் நேரம் மூட அனுமதி திரும்ப வாங்க வேண்டியிருந்தது. அந்தச் செலவைத் தயாரிப்பாளர் ஏற்றுக்கொண்டார். அளந்த தேதி, போட்டோ, அவர் அனுப்பிய டிராயிங்கின் திருத்த எண் மூன்றும் எங்கள் மெயிலில் இருந்ததால்தான் அது நடந்தது.

டிரெய்லர் என்றதும் ஒரு கணக்கு. சாலை விதி ஓர் ஆக்சில் வரிசைக்கு 12 டன் என்று வைத்துக்கொள்வோம். 200-ஐ 12-ஆல் வகுத்து 17 வரிசை போதும் என்று புதியவர்கள் விலை கொடுத்துவிடுவார்கள். டிரெய்லருக்கும் எடை உண்டு. வரிசைக்கு மூன்றரை டன் என்று பிடித்தால் 24 வரிசை போட்ட பிறகுதான் 12-க்குள் வரும். வரிசை கூடினால் நீளம் கூடும், நீளம் கூடினால் வளைவில் திரும்பாது. பாதி ரூட் சர்வே இந்த இழுபறிதான்.

கப்பலுக்கு வருவோம். தன் இரண்டு கிரேனையும் சேர்த்து இதைத் தூக்கக்கூடிய மல்டிபர்ப்பஸ் கப்பல் கிடைத்தது. சர்வேயர் முதலில் கேட்டது தளம் தாங்குமா என்று. 8 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகல அடிப்பரப்பில் 200 டன் என்றால் சதுர மீட்டருக்கு 8 டன்னுக்கும் மேல். பல கப்பல்களின் ஹேட்ச் கவர், அதாவது கிடங்கின் மூடி, அதைத் தாங்காது. ஆகவே கப்பலின் உள்கிடங்கின் தரையில், எடையைப் பரப்ப உத்தரங்கள் போட்டு வைப்பது என்று முடிவானது. கிடங்குக்குள் வைக்க நான் பிடிவாதம் பிடித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. கப்பல்காரரின் பொறுப்பை வரையறுக்கும் சர்வதேச ஹேக்-விஸ்பி விதிகளின்படி, மதிப்பை அறிவிக்காத சரக்குக்குக் கப்பல்காரரின் பொறுப்பு ஒரு பொதிக்கு 666.67 எஸ்டிஆர் (ஐஎம்எஃப்பின் கணக்கு அலகு) அல்லது கிலோவுக்கு 2 எஸ்டிஆர், இதில் எது அதிகமோ அதுவரைதான். 200 டன்னுக்கு 4 லட்சம் எஸ்டிஆர். இந்த மாதிரி டிரான்ஸ்பார்மரின் விலைக்கு அது கிட்டவே வராது. கப்பலின் மேல்தளத்தில் ஏற்றுவதாகப் பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல்காரர் தரும் சரக்குச் சீட்டு) எழுதி அப்படியே ஏற்றினாலோ, அந்த விதிகளே அந்தச் சரக்குக்குப் பொருந்தாது. 'அனுப்புபவர் பொறுப்பில்' என்று ஒரு முத்திரை விழும். அவ்வளவுதான்.

வாடிக்கையாளரிடம் இதைச் சொன்னபோது, "எல்லாத்துக்கும்தான் நீங்க இருக்கீங்களே" என்றார். இருக்கிறோம். ஆனால் வாடிக்கையாளர் சார்பில் ஏற்பாடு மட்டும் செய்யும் ஏஜென்டாக இருக்கிறோமா, பொறுப்பை நாமே ஏற்கும் பிரின்சிபலாக இருக்கிறோமா என்பதில்தான் கம்பெனியின் ஆயுசே இருக்கிறது. பிரின்சிபலாகக் கையெழுத்திட்டால், மேலே வாடிக்கையாளருக்கு நாங்கள் ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு வரியும் கீழே கப்பல்காரர், கிரேன்காரர், டிரெய்லர்காரர் ஒப்பந்தங்களில் அதே அளவில் இருக்க வேண்டும். தாமதக் கட்டணத்தில் இது உடனே தெரியும். கப்பல் எஃப்ஐஓ என்று பேசப்பட்டால், ஏற்றி இறக்கும் செலவும் நேரமும் நம் கணக்கு. அனுமதித்த நேரம் தாண்டினால் டெமரேஜ் எனும் அந்தத் தாமதக் கட்டணம் ஓடும். டிரான்ஸ்பார்மரின் இறுதிச் சோதனை ஒரு வாரம் தள்ளிப்போனால் தொழிற்சாலைக்கு அது ஒரு மெயில். கப்பல் துறைக்கு வந்து காத்திருந்தால் எங்களுக்கு அது நாள் வாடகை. அதனால் சரக்கு தயாராகும் தேதியை வாடிக்கையாளர் எழுதித் தந்து, தவறினால் டெமரேஜ் அவர் கணக்கு என்று ஒப்புக்கொள்ளும் வரை கப்பலை உறுதி செய்யவில்லை. இரண்டு முறை கோபமாகப் போன் வந்தது. மூன்றாவதாக வந்தது கையெழுத்துப் போட்ட காகிதம்.

ஏற்றும் நாளில் முதலாளிக்குப் பெரிதாக வேலை கிடையாது. கொக்கியிலிருந்து சரக்கைத் தூக்கும் கயிறான ஸ்லிங்கின் கோணத்தை மட்டும் நான் என் கண்ணால் பார்ப்பேன். கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் ஸ்லிங் இருந்தால் நேராகத் தொங்குவதைவிட ஒவ்வொன்றிலும் இழுவை சுமார் 15 சதவீதம் கூடும்; 30 டிகிரிக்குத் தாழ்ந்தால் இரண்டு மடங்கு. பக்கவாட்டு அழுத்தம் தொட்டியையும் நெரிக்கும் என்பதால் ஸ்ப்ரெடர் பீம் என்ற குறுக்கு உத்தரம் போட்டு ஸ்லிங்குகளை நேராகத் தொங்கவிட்டிருந்தார்கள். தளத்துக்கும் சரக்குக்கும் நடுவே மரம் வைக்காமல் எஃகின்மேல் எஃகாக இறக்கினால், ஈரம் பட்டதும் உராய்வே இல்லை என்றுதான் கணக்கில் எடுக்க வேண்டும். மரம் இருந்தால் உராய்வுக் கெழு 0.3.

சரக்கைக் கப்பலோடு இறுக்கிக் கட்டும் லாஷிங்கில் ஒரு சின்ன வாக்குவாதம். ஸ்டூவடோர்கள் (கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குபவர்கள்) கொண்டுவந்த வயர், ஏற்கெனவே பயன்படுத்தியது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் சரக்குப் பிணைப்பு விதித்தொகுப்பு, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வயருக்கு அறுபடும் வலிமையில் 80 சதவீதம் வரை கணக்கில் எடுக்க விடுகிறது. திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வயருக்கு 30 சதவீதம்தான். வயரை மாட்டும் ஷேக்கிள் வளையத்துக்கு 50. எது பலவீனமோ அதுதான் முழு லாஷிங்கின் பலம். ஒவ்வொரு பக்கத்து லாஷிங்கின் பலத்தையும் கூட்டினால் சரக்கின் எடைக்காவது சமமாக வர வேண்டும் என்பது அதே தொகுப்பின் எளிய விதி. பழைய வயரில் கணக்கு வரவில்லை. காப்பீட்டுக்காரர் நியமித்த சர்வேயர் பேனாவை மூடிவிட்டு நின்றார். அவர் கையெழுத்திடாமல் கப்பல் கிளம்பினால் காப்பீடே கேள்விக்குறி. புது வயர் வர சாயங்காலமாகிவிட்டது.

கடல் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலில் சின்ன கம்பெனிகள் விழுவது பெரும்பாலும் அங்கேதான். கப்பல் வாடகை, சரக்கு ஏறியதுமே சம்பாதிக்கப்பட்டதாகக் கருதப்படும், கப்பல் மூழ்கினாலும் திரும்பாது என்பது வழக்கமான ஷரத்து. கட்டினால்தான் பில் ஆஃப் லேடிங் கைக்கு வரும். வாடிக்கையாளரோ ஒப்படைத்த பிறகு அறுபது நாள் என்பார். நடுவில் உள்ள பள்ளத்தை நம் பணத்தால் நிரப்பினால், லாபமான ஒரு வேலையே கம்பெனியை மூடிவிடும். நாங்கள் பில்லைக் கட்டங்களாகப் பிரித்தோம்: கப்பல் உறுதியானதும் ஒரு பகுதி, ஏற்றி முடித்ததும் பெரும்பகுதி, அடித்தளத்தில் வைத்ததும் மீதி. கடைசிப் பகுதி சிறியதாக இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். தகராறு வந்தால் மாட்டிக்கொள்வது அந்தப் பணம்தான்.

அடித்தளத்தில் இறக்கிய அன்று, டிரான்ஸ்பார்மரோடு வந்த அதிர்ச்சிப் பதிவுக் கருவியை மூன்று தரப்பும் பார்க்கத் திறந்தோம். மூன்று திசையிலும் பட்ட அதிர்வுகள் நேரத்தோடு அதில் பதிவாகியிருக்கும். எந்த அளவு வரை சரி என்று தயாரிப்பாளர் முன்பே சொல்லியிருப்பார். வரம்பைத் தாண்டிய பதிவு எதுவும் இல்லை. இரண்டாவது கிரேன் இறக்கும்போது பதிவான ஒரு சின்ன அதிர்வு மட்டும் தெரிந்தது, அதுவும் வரம்புக்கு வெகு கீழே. அந்த அச்சுப் பிரதியில் தயாரிப்பாளர் தரப்பு, வாங்குபவர் தரப்பு, நாங்கள் என்று கையெழுத்திட்டு, அழுத்த மானியின் கடைசிப் போட்டோவையும் சேர்த்துக் கடைசி பில்லோடு பின் செய்து அனுப்பினோம். தவணை நாளுக்குள் பணம் வந்துவிட்டது.