அட்டியலை அடகு வைக்காமல் தங்கச்சியைப் படிக்க வைத்தோம்

தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் பிள்ளையைக் காலேஜில் சேர்க்க ரெண்டு வழிதான் பழக்கம். அம்மாவின் நகை அடகுக்கடைக்குப் போகும், இல்லையென்றால் அப்பா படகு ஓனரிடம் முன்பணம் வாங்குவார். முன்பணம் வாங்கியவர் அதைக் கழிக்கும்வரை வேறு படகுக்கு மாற முடியாது. கலாம் சார் சென்னை எம்.ஐ.டி.யில் சேர அவர் அக்கா நகையை அடகு வைத்ததை இங்கே எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அன்றைக்கு வேறு வழி இல்லை. இன்றைக்கு இருக்கிறது, அது நம் ஆட்களுக்குத் தெரியவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

நான் அரசு ஐ.டி.ஐ.யில் படித்தவன். அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. ஆனால் தங்கச்சி பி.இ. படிக்க வேண்டும் என்றாள். பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதம் எங்களுக்குத் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் பணப்புழக்கமே இருக்காது.

அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அதனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு அவளுக்கு இல்லை. அதில் சீட் கிடைத்தால் கட்டணம் முழுவதையும் அரசே கட்டிவிடும். எங்களுக்குக் கைகொடுத்தது படிப்புக் கட்டணத்தில் கிடைக்கும் முதல் பட்டதாரி சலுகை. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. என் ஐ.டி.ஐ. சான்றிதழ் பட்டம் இல்லை என்பதால் தடை வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு தனியார் கல்லூரி ஆள் வீட்டுக்கே வந்தார். "நேரடியா சேர்ந்துடுங்க, ஃபீஸ்ல பாதி தள்ளுபடி" என்றார். அம்மா கிட்டத்தட்ட சம்மதித்துவிட்டார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை கிடைக்காது. கவுன்சிலிங்கில் சீட் எடுத்தால்தான் உண்டு. இதைத் தயவுசெய்து நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. பார்த்துத் தாலுகா ஆபீசுக்குப் போகும். எங்களுக்கு இழுத்தடித்தது அப்பாவின் பெயர். ரேஷன் கார்டில் வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் ஞானஸ்நானப் பெயர். அதைச் சரிசெய்த பிறகுதான் எல்லாம் நகர்ந்தது. பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போதே இதைப் பார்த்துவிடுவது நல்லது. வருமானச் சான்றும் கையில் இருக்கட்டும், கல்வி உதவித்தொகைக்கு, கடனுக்கு, வட்டி மானியத்துக்கு எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

ஹாஸ்டலுக்கும் மீதிக் கட்டணத்துக்கும் கல்விக் கடன். முதலில் போன வங்கியில், "கடலுக்குப் போறவங்களுக்கு நிலையான வருமானம் இல்லையே, வீட்டுப் பத்திரம் இருக்கா?" என்றார்கள். வீட்டுக்குப் பட்டாவே இல்லை. அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து வந்துவிட்டார். 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் தேவையில்லை, பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, அந்தப் பிரதியோடு ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். அப்புறம் வேறொரு வங்கியிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கும் உரிய தரச்சான்று இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குமேல் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசு ஏற்கும். அசலை அதற்குப் பிறகு கட்டத் தொடங்கினால் போதும்.

புதுமைப்பெண் திட்டத்தின் 1000 ரூபாயும் மாதாமாதம் அவள் கணக்கில் விழுகிறது. 2022-ல் அரசுப் பள்ளி மாணவிகளுக்குத் தொடங்கி, பிறகு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்தார்கள். கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும்.

பத்தாவது முடித்து, கடல் சார்ந்த வேலைதான் வேண்டும் என்கிற பையன்களுக்குச் சென்னை ராயபுரத்தில் மத்திய அரசின் மீன்பிடிக் கப்பல் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட் இருக்கிறது. கப்பல் ஓட்டவும் இன்ஜின் பார்க்கவும் ரெண்டு வருடப் பயிற்சி, உதவித்தொகையோடு. நுழைவுத்தேர்வு உண்டு, கணக்கு, அறிவியல் மார்க்கும் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுத் தம்பிக்கு இந்த வருடம் நான்தான் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன்.