ஹெபடைடிஸ் பி ஊசி போட்டாச்சா அக்கா?

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் அத்தையைச் சேர்த்திருக்கிறோம். வார்டு துடைப்பது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, செக்யூரிட்டி எல்லாமே காண்ட்ராக்ட் ஆட்கள்தான். அயோத்தியாபட்டணத்தில் இருந்து முதல் பஸ் பிடித்து வரும் அக்கா ஒருவர் குப்பையைப் பிரிப்பதைப் பார்த்தேன். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், டிரிப்ஸ் குழாய் சிவப்பில், ஊசி வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில். கை தவறவே இல்லை. எவ்வளவு பெரிய வேலை இது!

"ஹெபடைடிஸ் பி ஊசி போட்டாங்களாக்கா?" என்று கேட்டேன். "அது நர்சுங்களுக்குத்தானே தம்பி?" என்றார்.

ஹெபடைடிஸ் பி என்பது ரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் தொற்றக்கூடிய கல்லீரல் நோய். எனக்கு மனசே ஆறவில்லை. 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி, இந்தக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியும் வருடம் ஒருமுறை உடல் பரிசோதனையும் செய்ய வேண்டியது மருத்துவமனையின் கடமை. சம்பளம் ஏஜென்சி கொடுக்கிறது என்பதால் அது மாறிவிடாது.

இன்னொரு சிக்கல்: ஹெபடைடிஸ் பி வழக்கமாக மூன்று டோஸ். முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாவது மாதம் கடைசி. அதற்குள் ஏஜென்சி மாறினால் மூன்றாவது டோஸை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? ஊசிக் கணக்கு மருத்துவமனைப் பதிவேட்டில்தான் இருக்க வேண்டும்.

சேலத்தில் மருத்துவமனை நிர்வாகத்தில் இருக்கும் நண்பர்களே, அடுத்த முறை காண்ட்ராக்ட் போடும்போது இதை எழுத்தில் சேருங்கள். மேனேஜரிடம் நாளைக் காலை நானும் பேசப்போகிறேன்.