மல்லிகை கூர்மை, முகம் மங்கல்

சிங்கப்பூரின் கேம்பல் லேனில் ஒரு பூக்கடை. மாலை ஏழரை மணிக்கு எடுத்த படம் என்று வைத்துக்கொள்வோம். பூக்கட்டும் அம்மா உட்கார்ந்திருக்கிறார். முன்னால் மேசையில் மல்லிகைக் குவியல், தலைக்கு மேல் எல்இடி குழல்விளக்கு. எடுத்தவர் கேமரா வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. படத்தில் மொட்டுகளை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. அம்மாவின் முகம் மட்டும் மங்கல். நூல் சுற்றும் கை புகைபோல இழுபட்டிருக்கிறது.

இதை நாலு பேரிடம் காட்டினால் வழக்கமாக வரும் பதில்கள்: ‘நல்லா இருக்கு.’ ‘ஏதோ ஒண்ணு குறையுது.’ ‘காம்போசிஷன் சரியில்லை.’ ‘பெரிய கேமரா வாங்கிடு தம்பி.’ நாலு பேரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மறுநாள் மாலை அதே கடைக்கு முன்னால் போய் நிற்கும்போது எந்த எண்ணை மாற்றுவது, எந்தப் பக்கம் ஓரடி நகர்வது என்று இவற்றில் ஒன்றும் சொல்லித் தராது. கற்பவருக்கு உதவும் கருத்தை அந்த இடத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

அதற்கு முதலில் கோப்பு சரியாகக் கைக்கு வர வேண்டும். பலர் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிவிட்டு ‘எப்படிண்ணே இருக்கு?’ என்று கேட்கிறார்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். ஷட்டர் (ஒளி உள்ளே வரும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) விவரங்களையும் கழற்றிவிடும். பார்ப்பவர் கையில் மிஞ்சுவது ஒரு நிழலுரு. அதே வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் கோப்பு முழுதாகப் போகும். திருத்திய படத்தோடு திருத்தாத மூலப்படத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதைவிட முக்கியம், அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த ஐந்தாறு படங்கள். எடுத்தவர் எங்கே நின்றார், எப்போது நகர்ந்தார், எந்தக் கணத்தை விட்டுவிட்டுப் பக்கத்துக் கணத்தைப் பிடித்தார் என்பதெல்லாம் அந்த வரிசையில்தான் தெரியும். தனிப்படத்தைப் பார்த்துக் கருத்து சொல்வது, நாடியைப் பிடிக்காமல் மருந்து எழுதுவது மாதிரி.

பூக்கடைப் படத்தின் விவரம்: ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு) சென்சார் கேமரா, 50 மி.மீ லென்ஸ், ஷட்டர் 1/60 நொடி, அப்பர்ச்சர் எஃப் 1.8 (எண் சிறிதானால் துவாரம் பெரிது, தெளிவாகத் தெரியும் ஆழம் குறைவு), ஐஎஸ்ஓ 400, தூரம் ஏறக்குறைய ஒரு மீட்டர். இந்த எண்கள் கிடைத்ததுமே பாதி நோய் தெரிந்துவிடுகிறது.

‘மங்கல்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் குறைந்தது நான்கு தவறுகள் ஒளிந்திருக்கின்றன. நான்குக்கும் மருந்து வேறு. படத்தை 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் பிரித்துவிடலாம். மேசை விளிம்பு, விலைப்பலகை போன்ற அசையாத பொருள்கள்கூட ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஆடியது கேமரா. அசையாதவை தெளிவாக இருந்து கை மட்டும் இழுபட்டிருந்தால் ஆடியது கை. ஷட்டர் வேகம் போதவில்லை. எதுவும் இழுபடாமல், முன்னாலோ பின்னாலோ வேறொரு தளம் மட்டும் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. எல்லாமே ஒரே மாதிரி மிருதுவாகி, விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால் லென்ஸின் மேல் ஆவி படிந்திருக்கிறது அல்லது விரல் ரேகை ஒட்டியிருக்கிறது. நம் ஊரில் இந்த நாலாவது சர்வசாதாரணம். குளிரூட்டிய ரயிலிலிருந்து இறங்கி மேலே வந்ததும் கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஈரம் கட்டும். பையைத் திறக்காமல் கால் மணி நேரம் வெளிக்காற்றில் வைத்திருந்தால் போதும். எங்கிருந்து வந்து எடுத்தாய் என்று கேட்காமல் ‘கான்ட்ராஸ்ட் குறைவு, மென்பொருளில் ஏற்று’ என்று சொன்னால் கற்பவர் வருடக்கணக்கில் மென்பொருளோடு மல்லுக்கட்டுவார்.

நம் படத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்திருக்கின்றன. எஃப் 1.8இல், ஒரு மீட்டர் தூரத்தில், இந்த லென்ஸுக்குத் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 3 செ.மீ. மல்லிகைக்கும் முகத்துக்கும் இடையே ஒரு முழங்கைத் தூரம் இருக்கிறது. ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வேலையை கேமராவிடமே விட்டதால் அது பெரும்பாலும் செய்வதைச் செய்தது: அருகில் இருந்த, வெளிச்சமான பூவைப் பிடித்துக்கொண்டது. ஆகவே சொல்ல வேண்டியது இது: ‘ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாத்து, புள்ளியை அம்மாவோட கண்ணுல, கேமராவுக்குக் கிட்ட இருக்கிற கண்ணுல வை. எஃப் 2.8க்கு வா, ஆழம் நாலரை செ.மீ கிடைக்கும். கண்ணும் மூக்கும் அதுக்குள்ள அடங்கிடும். கைக்கு 1/250 வை. வெளிச்சம் குறையும், ஐஎஸ்ஓ 4000 வரைக்கும் ஏத்து, பயப்படாதே.’ எங்கே தவறு, ஏன் வந்தது, அடுத்து என்ன செய்வது, மூன்றும் இதில் இருக்கின்றன.

அவர் மறுநாள் அப்படியே செய்கிறார். முகம் தெளிவு, கை தெளிவு. ஆனால் படம் முழுக்கக் குறுக்கே மங்கலான பட்டைகள், ஒரு வரி மஞ்சள், ஒரு வரி சாம்பல். கற்பவர் மனம் உடைவது பெரும்பாலும் இந்த இரண்டாம் சுற்றில்தான். சொன்னபடி செய்தும் புதுக்கோளாறு வந்துவிட்டதே என்று. சிங்கப்பூரின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடியும் பழைய குழல்விளக்கும் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் அதைவிட வேகமாகத் திறந்து மூடினால் மினுக்கலின் ஒரு துண்டு மட்டும் பதிவாகிப் பட்டையாக விழும். ஓசையில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் இது இன்னும் மோசம். 1/100 அல்லது 1/50 வைத்தால் முழு மினுக்கலும் அடங்கிவிடும், பட்டை போய்விடும். சில கேமராக்களில் மினுக்கல் தடுப்பு வசதியும் உண்டு.

1/100க்கு இறங்கினால் கை மறுபடி இழுபடாதா? இழுபடும், கை ஓடிக்கொண்டிருந்தால். பூக்கட்டும் விரல்களைக் கொஞ்ச நேரம் கேமரா இல்லாமல் பாருங்கள். நூலைச் சுற்றும், நுழைக்கும், இழுத்து இறுக்கும். இறுக்கிய இடத்தில் ஒரு கணம் நிற்கும். அந்த நிறுத்தத்தில் அழுத்த வேண்டும். 1/100, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600. வெளிச்சக் கணக்கு முதல் படத்தோடு சரியாகப் பொருந்துகிறது, ஐஎஸ்ஓவும் கீழே வந்துவிட்டது. எண்ணால் தீராததைப் பொறுமை தீர்த்துவைக்கும் இடம் இது. இதைச் சொல்லித் தரும் ஆள் கிடைத்தால் விடாதீர்கள்.

கல்யாணப் படக்குழுவில் உதவியாளராகச் சேர்பவர்கள் அடிக்கடி கேட்பது ‘மாப்பிள்ளை முகம் இருட்டா இருக்கு’ என்பது. அதுவும் பாதிக் கருத்துதான். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே நம்பும். படச்சட்டத்தை வெள்ளை வேட்டியும் சட்டையும் நிரப்பினால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் இருட்டாக்கும். நம் தோல் நிறம் அதில் மேலும் கறுத்துப்போகும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +2/3 முதல் +1 வரை ஏற்ற வேண்டும். வேட்டியின் மடிப்பு வெளுத்துத் தொலையாமலிருக்க, திரையில் வெளுத்த பகுதி மினுக்கிக் காட்டும் எச்சரிக்கையை முடுக்கி வைக்கவும். கருநீலப் பட்டுப் புடவை சட்டத்தை நிரப்பினால் இதற்கு நேர் எதிர். அப்போது இறக்க வேண்டும். முகத்தை அப்புறம் மென்பொருளில் வெளுக்கவைத்துத் தரும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே கண்டிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. மனிதரின் நிறத்தை உள்ளபடி காட்டுவது தொழில் நேர்மை.

வேலை நடக்கும்போது சொல்லும் கருத்தும் பிறகு உட்கார்ந்து சொல்லும் கருத்தும் வேறு வேறு. தாலி கட்டும் நேரத்தில் ‘தம்பி, ரெண்டு அடி இடப்பக்கம்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. நாதஸ்வரமும் கெட்டிமேளமும் முழங்கும்போது விளக்கம் காதில் ஏறாது, எல்லார் முன்னிலையிலும் குறை கேட்ட பையனுக்கு அடுத்த ஒரு மணி நேரம் கை நடுங்கும். மீதியைத் திங்கட்கிழமை காப்பிக்கடையில் தே தாரிக் வாங்கிக் கொடுத்துச் சொல்லலாம். அப்போது 200 படம் வேண்டாம், பத்துப் போதும். 4ஆர் (4×6 அங்குல) அளவில் அச்சடித்து மேசையில் பரப்பினால் இன்னும் நல்லது. கைப்பேசித் திரை முழு வெளிச்சத்தில் எல்லாப் படத்தையும் அழகாக்கிக் காட்டும். அச்சுத்தாள் அப்படிச் செய்யாது.

கேட்கும் கேள்வியிலும் சூட்சுமம் உண்டு. ‘நல்லா இருக்கா?’ என்றால் மரியாதைக்கு ‘நல்லா இருக்கு’ என்றுதான் வரும், அதுவும் தெரிந்தவர்களிடமிருந்து. ‘உங்க கண்ணு முதல்ல எங்கே போச்சு?’ என்று கேளுங்கள். எடுத்தவர் முகத்தைக் காட்ட நினைத்திருக்க, பார்த்தவர் கண் பின்னாலிருக்கும் சிவப்பு நெகிழித் தொட்டிக்குப் போயிருந்தால், வேறு விளக்கம் தேவையில்லை. ‘எதை வெளியே தள்ளியிருக்கலாம்?’ என்பது இன்னொரு நல்ல கேள்வி. தலைக்குப் பின்னால் முளைத்த விளக்குக் கம்பம், மணிக்கட்டில் வெட்டுப்பட்ட கை, மூலையில் எட்டிப்பார்க்கும் யாரோ ஒருவரின் முழங்கை, இவையெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் வெளியே வரும்.

பதில் வரும்போது எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. ‘அன்னைக்கு மழைண்ணே’, ‘அவங்க நகர்ந்துட்டாங்க’ என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தொடர்ந்து சொல்லத் தயங்குவார். குறித்துக்கொண்டு, பிறகு இரண்டாகப் பிரிக்கலாம். ‘தூண் சாய்ந்திருக்கிறது’, ‘கண்ணில் ஃபோகஸ் இல்லை’ என்பவை குறைகள், சரிபார்க்க முடியும். ‘கறுப்பு வெள்ளையாக இருந்திருக்கலாம்’, ‘இன்னும் மஞ்சள் வேண்டும்’ என்பவை அவரவர் ருசி. ருசியை உடனே ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். ஒருவரோடு ஒருவர் பேசாத மூன்று பேர் படத்தின் ஒரே இடத்தில் தயங்கினால், அவர்கள் சொன்ன காரணங்கள் வேறுபட்டாலும் அந்த இடத்தில் கோளாறு இருக்கிறது.

நம் ஊர் வெளிச்சத்தைத் தெரிந்தவரிடம் கருத்து கேட்பது நல்லது. குளிர்நாட்டுக் காணொளி பார்த்துக் கற்றவர்கள் ‘பொன்மாலை ஒளிக்காக ஒரு மணி நேரம் காத்திரு’ என்பார்கள். நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கில் இருக்கும் நமக்கு ஆண்டு முழுவதும் ஏழு மணி வாக்கில் சூரியன் செங்குத்தாக இறங்கிவிடும். அதற்குப் பிறகு நீலவானம் இருபது நிமிடம் நின்றால் பெரிது. பிற்பகல் ஒரு மணிக்கு வெயில் உச்சந்தலையில். கண்குழி இரண்டும் கறுத்துப்போகும். சிராங்கூன் சாலைப் பழைய கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடிப் பாதையில் ஆளை நிழல் விளிம்பிலிருந்து அரை அடி உள்ளே நிறுத்தி, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பினால், சாலையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணில் விழும். செலவில்லாத ஸ்டூடியோ அது.

கருத்து சொல்பவர் தொழில்நுட்பத்தோடு நின்றுவிடக் கூடாத இடமும் உண்டு. தைப்பூசத்தன்று ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் அலகு குத்தும்போது எடுத்த நெருக்கப் படம் ஒன்று மேசைக்கு வருகிறது. ஃபோகஸ் கச்சிதம், வெளிச்சம் கச்சிதம். பக்தர் கண்ணைத் திறந்து லென்ஸைப் பார்க்கிறார். அந்தப் பார்வையில் சங்கடம் தெரிகிறது. அப்போது முதல் கேள்வி, ‘அவர்கிட்டயோ கூட வந்தவங்ககிட்டயோ கேட்டியா?’ என்பதாக இருக்க வேண்டும். அடுத்தது, ‘எவ்வளவு கிட்டப் போனே?’ 50 மி.மீ லென்ஸில் முகம் சட்டத்தை நிரப்புகிறதென்றால் அரை மீட்டர் அளவுக்கு நெருங்கியிருக்கிறார் என்று அர்த்தம். குடும்பத்தார் நிற்க வேண்டிய இடம் அது. கூர்மைக்காக அந்தப் படத்தைப் பாராட்டிவிட்டால் அடுத்த ஆண்டு அவர் இன்னும் கிட்டப் போவார்.

கருத்து கேட்க இங்கே இடங்களுக்குக் குறைவில்லை. சமூக மன்றங்களில் வகுப்புகள் நடக்கின்றன. சிங்கப்பூர்ப் புகைப்படச் சங்கம் 1950இல் தொடங்கியது. சிங்கப்பூர் அனைத்துலகப் புகைப்பட விழா 2008இலிருந்து நடக்கிறது. இத்தகைய விழாக்களில் படத்தொகுப்பை இதழாசிரியர்களும் கண்காட்சிக் காப்பாளர்களும் நேரில் பார்த்துக் கருத்து சொல்லும் அமர்வுகள் இருக்கும். ஒருவருக்குக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அங்கே பல தலைப்புப் படங்களைக் கலந்து கொண்டுபோகாமல், ஒரே விஷயத்தைப் பற்றிய 12 முதல் 15 படங்கள் எடுத்துப் போவது நல்லது. ஆனால் முதல் ஆண்டில், மாதம் ஒருமுறை பத்துப் படத்தைப் பார்க்கும் ஒரே ஆள் கிடைப்பது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம் என்று நினைக்கிறோம். அவருக்குத்தான் போன மாதம் என்ன சொன்னோம் என்பது நினைவிருக்கும்.

அவருக்கு உதவியாக, ஒவ்வொரு அச்சின் பின்பக்கமும் பென்சிலால் நாலு வரி: தேதி, இடம், கேமரா எண்கள், சொன்ன குறை. ஒரு சுற்றுக்கு ஒரே குறை. அடுத்த சந்திப்புக்கு, அதே பூக்கடையில் அதே நேரத்தில் எடுத்த புதுப் படத்தைப் பழையதன் பக்கத்தில் வைத்துவிட்டு, பின்பக்கத்தைத் திருப்பாமல் கேளுங்கள்: ‘இப்ப உங்க கண்ணு எங்கே போகுதுண்ணே?’